இருநூற்று நாற்பது காலர்

பெடலிலிருந்து எடுத்த பிறகும் லீலாவின் வலது கணுக்கால் அரைமணி நேரம் துடிக்கும். மைசூர் ஹெப்பாளில் ஒரு கார்மெண்ட்ஸில் பதினோரு வருடம் சட்டைக் காலர் தைத்த கால். லைன் ட்ரெய்னர் ஆகிவிட்டால் பெடல் மிதிக்க வேண்டாம், நடந்து சொல்லிக்கொடுத்தால் போதும். அதற்காகத்தான் பயிற்சிக்குப் பேர் கொடுத்தாள்.

பயிற்சி பாதி போனில், பாதி மெஷினில். வாரம் ஒரு பாடத்தை ஆப்பில் படித்துக் கேள்விக்குப் பதில் போட வேண்டும். வாரம் நாற்பது காலர் தைத்துக் கொடுக்க வேண்டும். ஆப் கன்னடத்தில். லீலா கன்னடத்தில் பேசுவாள், சண்டை போடுவாள், படிக்கத் தெரியாது. கூடப் பேர் கொடுத்த வினிதா கர்நாடக எல்லையிலுள்ள கோபிநத்தத்துக்காரி, கன்னடப் பள்ளியில் படித்தவள். அவள் தைக்கும் காலர்தான் சுருங்கிக்கொள்ளும்.

ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். மதியம் கேண்டீனில் சித்ரான்னத் தட்டுக்கு இருபுறமும் போனை வைத்து வினிதா இரண்டு பேருக்கும் பதில் போட்டாள். லீலா பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு வினிதாவின் காலரையும் தைத்தாள்.

“எனக்கு மார்க்கு தொண்ணூத்தாறு, உனக்கு எண்பத்தெட்டு. ஏன்டி?” என்றாள் லீலா.

“மொதல்ல எம்பேர்ல போடறனுங்க. தப்பெல்லாம் தெரிஞ்ச பொறகுதான் உங்க பேர்ல.”

ஆறு வாரத்தில் இரண்டு போனிலும் எல்லாம் பச்சை.

ஏழாம் வாரத் திங்கட்கிழமை, பயிற்சி பார்க்கும் சுசித்ரா மேடம் வந்தார். “சனிக்கிழமை டெஸ்ட். காலர் தைக்கணும். தைக்கத் தைக்க, எது எதுக்குன்னு பக்கத்துல நிக்கறவங்களுக்குச் சொல்லணும். ரெண்டும் ஒட்டிகே, ஒரே நேரத்துல.”

லீலாவும் வினிதாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அந்த வாரம் கம்பெனி பஸ்ஸில் வினிதா ஆறு பாடத்தையும் வாசித்தாள். “இதுக்கா இவ்ளோ படம் போட்டு வெச்சிருக்காங்க?” என்றாள் லீலா. முக்கால்வாசி அவளுக்குத் தெரிந்ததுதான், பேர்தான் தெரியாது. காது நாலு நாளில் பிடித்துக்கொண்டது. கை அப்படிப் பிடிக்காது. வினிதா மாலையில் தைத்துப் பார்த்த ஆறில் ஐந்து கோணல்.

சனிக்கிழமை லீலா தைத்துக்கொண்டே சொன்னாள்.

“ஊசி ஒடைஞ்சா?” என்றார் மேடம்.

“எல்லாத் துண்டையும் பொறுக்கிக் காட்டிட்டுத்தான் புது ஊசி. ஒண்ணு காணோம்னாலும் எவனோ ஒருத்தன் கழுத்துல குத்தும்.”

மேடம் சிரித்துவிட்டு டிக் போட்டார்.

வினிதா பாடத்தைத் தடங்கலில்லாமல் சொன்னாள். காலர் முனை எலிக்காது மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது.

“இத்தனை வாரம் நல்லாத்தானே தைச்சே?”

“இன்னிக்குக் கை வரலீங்க மேடம்.”

லீலா பின்னால்தான் நின்றிருந்தாள்.

வினிதாவுக்கு அடுத்த டெஸ்ட் மூன்று மாதம் கழித்து.

திங்கட்கிழமை லீலா ட்ரெய்னரின் நீலக் கோட்டு போட்டுக்கொண்டாள். மதியம் வரை நடந்தும் கணுக்கால் துடிக்கவில்லை. மனசுக்கு நிறைவாக இருந்தது. பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு வினிதாவின் மெஷின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“பசிக்குதுங்கக்கா. நீங்களே தெச்சுப்போடுங்க.”

“தொட மாட்டேன். நீ மிதி.”

முதல் காலர் சுருங்கியது. “பிரி,” என்றாள் லீலா. பிரித்தாள்.

வினிதா பேரில் லீலா தைத்தது இருநூற்று நாற்பது காலர். அவ்வளவும் வினிதாவின் கைக்குப் போயிருக்க வேண்டியவை. அன்று மதியம் ஏழு முடிந்தது. இன்னும் இருநூற்று முப்பத்து மூன்று லீலாவின் பாக்கி.