கட்டைவிரலுக்கு வழிவிடாத மூன்றாவது போல்ட்

2005-ஆம் ஆண்டு நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். இத்தாலியின் ஃபாயென்சா நகர மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில், வண்டிகளின் ஃபிரேமைப் பற்றவைக்கும் சட்டகப் பிரிவில் பத்தொன்பது பேரும் வேலைக்கு வந்திருந்தனர். ஒருவரும் வேலையைத் தொடங்கியிருக்கவில்லை. மிலான் கண்காட்சிக்குச் சரியாக ஏழு நாள்கள் இருந்தன.

காரணம், வெல்டிங் மேசைமேல் விரித்துக் கிடந்த வார இதழ். மலைப்பாதையில் சோதனை ஓட்டத்துக்கு வந்த வண்டி ஒன்றை யாரோ புதர் மறைவிலிருந்து படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். வண்டியின் பெயர் கறுப்பு நாடாவால் மறைக்கப்பட்டிருந்தாலும், அது தங்கள் தொழிற்சாலை வண்டிதான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் எஞ்சினுக்கு அடியில் தொட்டில்போல் வளைந்து வரும் இரண்டு குழாய்களும் இல்லை. எஞ்சின், மேலேயிருந்து மூன்றே இடங்களில் தொங்கிக்கொண்டிருந்தது.

எர்மெஸ் உரக்கப் படித்தான். பிரிவின் தொழிற்சங்கப் பிரதிநிதி அவன், நாக்கு நீளம்.

"'அடுத்த வருஷம் எஞ்சினே பாரத்தைத் தாங்கும், கீழ்க்குழாய்களுக்கு விடைகொடுக்கலாம்'னு போட்டிருக்கான். நமக்கும் சேர்த்துத்தான் விடை!"

"போன வருஷம் மூணு சிலிண்டர் வருதுன்னு எழுதினவனும் இவன்தானே? வந்துச்சா?" என்றார் லெயார்கோ. அவர் பிரிவிலேயே மூத்த வெல்டர்.

"சிலிண்டர் கற்பனைப்பா. இது போட்டோ."

"போட்டோவ நம்பினா உன் கல்யாண ஆல்பத்துல நீ கூட அழகன்தான்."

சிரிப்பு அடங்குமுன் நிவேஸ் சாத்தினி மேசையருகே வந்தாள். வயது ஐம்பத்து நான்கு. இருபத்தேழு ஆண்டுகளாகச் சட்டகப் பரிசோதகர். அவள் கையிலுள்ள எஃகு முத்திரை விழாமல் எந்தச் சட்டகமும் அந்தப் பிரிவின் கதவைத் தாண்டியதில்லை. அவள் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் படத்தின்மேல் குனிந்தாள். குழாய்களைத் தேடவில்லை, போல்ட்களைத் தேடினாள்.

"இது நம்ம கை இல்ல" என்றாள்.

அந்தத் தொழிற்சாலையில் எஞ்சின் போல்ட்கள் வலப்பக்கத்திலிருந்துதான் செருகப்படும். முதன்முதலில் அமர்த்தப்பட்ட வெல்டர் இடதுகைக்காரர். அவருக்கு வசதியான வழக்கம் ஐம்பது ஆண்டுகளாக அப்படியே நிலைத்துவிட்டது. ஆகவே இடப்பக்கம் நின்று பார்த்தால் நட்டும், அதற்கு வெளியே துருத்தும் திருகுமுனையும் தெரிய வேண்டும். படத்திலோ வண்டியின் இடப்பக்கத்தில் வழவழப்பான போல்ட் தலைகள் தெரிந்தன.

"படத்தைத் திருப்பிப் போட்டிருப்பாங்க" என்றார் லெயார்கோ. குரலில் ஆசைதான் இருந்தது.

"சைடு ஸ்டாண்டு தெரியுதா? அது எந்தப் பக்கம் இருக்கும்?"

இடப்பக்கம். படத்தில் போல்ட் தலைகளுக்குக் கீழேதான் ஸ்டாண்டும் இருந்தது. ஆகவே படம் திருப்பிப் போடப்படவில்லை. சட்டகம் மாறுகிறது என்பது வதந்தி. அதை வேறெங்கோ, வேறெவரோ செய்து முடித்துவிட்டார்கள் என்பது கண்ணெதிரே இருந்தது. அப்படியானால் இந்தப் பிரிவு எதற்கு?

பதினொரு மணிக்கு விடையே நேரில் வந்தது. வடிவமைப்புத் தலைவர் இன்ஜினியர் ரவாயோலி, போர்வை சுற்றிய அந்தப் புதுச் சட்டகத்தைத் தள்ளுவண்டியில் கொண்டுவரச் செய்தார். கண்காட்சிக்குப் போகும் வண்டியும் பரிசோதனை முத்திரை பெற்றாக வேண்டும் என்பது நிறுவன விதி. அதை எழுதியவர் அவரே.

"முத்திரை மட்டும் குத்திடுங்க, சிஞ்ஞோரா. மத்ததெல்லாம் பாத்தாச்சு."

"பாத்தவங்க யாரு?"

"அது உங்க வேலை இல்ல."

"சரி. என் வேலைய நான் பாக்குறேன்."

நிவேஸ் எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிட்டுச் சட்டகத்துக்குள் ஏற்றினாள். அந்தப் பிரிவில் போல்ட்டைச் சோதிக்கக் கருவி எதுவும் கிடையாது. கட்டைவிரல் ஒன்றே அளவு. விரலால் தள்ளினால் போக வேண்டும். போகாவிட்டால் துளைகள் நேர்க்கோட்டில் இல்லை. முதல் போல்ட் வெண்ணெயில் கத்திபோல் இறங்கியது, இரண்டாவதும் இறங்கியது. பின்பக்கத்து மூன்றாவது, ஒரு விரல்கடை வெளியே நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

"ரப்பர் சுத்தியால ஒரு தட்டு. அவ்வளவுதானே?" என்றார் ரவாயோலி.

"இங்க சுத்தி கிடையாது."

"கண்காட்சியில யாரும் போல்ட்டப் பிடுங்கிப் பாக்கப்போறதில்ல!"

"கண்காட்சி முடிஞ்சதும் இதே அளவுல ஆயிரம் செய்வீங்க. பழைய வண்டின்னா அடியில குழாய் தாங்கும். இதுல எஞ்சின்தான் எலும்பு. அடிச்சு ஏத்துன போல்ட்டு துளையை இழுத்துக்கிட்டே இருக்கும். ஆறு மாசம், இல்லன்னா ஒரு வருஷம், அந்த இடம் விரிசல் விடும். அன்னைக்கு அதுமேல யாரோ பெத்த பிள்ளை உக்காந்திருப்பான்."

"புதுசுன்னாலே உங்களுக்கு ஆகாது. அதைச் சொல்லுங்க."

நிவேஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "காலையில படத்தைப் பாத்தப்பவே சொல்லணும்னு நெனச்சேன். வடிவம் நல்லா இருக்கு, இன்ஜினியர். நாலு கிலோ குறையும், வளைவுல சொன்னபடி கேக்கும். செஞ்ச கைதான் சரியில்ல. வரைபடத்தைக் குடுங்க. மூணாவது போல்ட்டு போற அந்தப் பின்பிடிப்பை வெட்டி எடுத்துட்டு சனிக்கிழமைக்குள்ள நாங்க வச்சுத் தர்றோம்."

"வெளியில ஒப்பந்தம் போட்டாச்சு. நான் எழுத்துல உத்தரவு குடுத்தா குத்துவீங்கதானே?"

"குடுங்க. எழுத்துலயே மறுக்குறேன்."

அவள் முத்திரையை மேலங்கிப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினாள். எர்மெஸ் பின்னாலிருந்து, "பேனா வேணுமா நிவேஸ்? என்கிட்ட மூணு இருக்கு" என்றான். ரவாயோலி திரும்பிப் பாராமல் வெளியேறினார். சட்டகம் அங்கேயே நின்றது, நீட்டிய போல்ட்டோடு.

உத்தரவு புதன் காலையில் வந்தது. மறுப்பு அதே காகிதத்தின் பின்பக்கத்தில், நான்கு வரிகளில், நண்பகலுக்குள் திரும்பிப் போனது. முதல் வரியில் தேதி, இரண்டாவதில் சட்டகத்தின் எண், மூன்றாவதில் போல்ட் நின்ற இடம், நான்காவதில், "சரிசெய்யப்படும்வரை முத்திரை இடமாட்டேன்." அன்று மாலை லெயார்கோ அவளிடம் வந்து, "உன்ன அனுப்பிட்டா, வேற ஒருத்தன் கையில முத்திரையக் குடுத்துடுவாங்களே?" என்று கேட்டார்.

"குடுக்கட்டும். அவனுக்கும் கட்டைவிரல் இருக்கும்ல?"

வியாழக்கிழமை, அந்த மறுப்பின் பேரில், சோதனைப் பிரிவினர் தங்கள் அளவுமேசையைக் கொண்டுவந்து அந்தச் சட்டகத்தை அளந்தனர். பின்பிடிப்பின் துளை மில்லிமீட்டரில் பத்தில் ஆறு பங்கு விலகியிருந்தது. வெளிநிறுவனம் அனுப்பிய மற்ற இரண்டு சட்டகங்களையும் அளந்தார்கள். இரண்டும் அதே அளவு, அதே திசையில் விலகியிருந்தன.

நவம்பர் 11, வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்டத்தில் பின்வருமாறு முடிவாயிற்று. கண்காட்சியில் பழைய சட்டகத்து வண்டியே நிற்கும்; புதியது வசந்தத்துக்குத் தள்ளிவைக்கப்படும். கீழ்க்குழாய்கள் நீக்கப்படும், அதில் மாற்றமில்லை. சட்டகத்தின் மேற்பகுதி வெளியிலிருந்து வரும். மூன்று எஞ்சின் பிடிப்புகளும் சட்டகப் பிரிவிலேயே பற்றவைக்கப்பட்டுத் துளையிடப்படும். பத்தொன்பது பேரில் பதினான்கு பேர் பிரிவில் இருப்பார்கள்; ஐவர் வண்டிகளைக் கோக்கும் பிரிவுக்கு மாறுவார்கள்; எவரும் வேலையிழக்கமாட்டார்கள். எழுத்துமூல உத்தரவை மீறியதற்காக நிவேஸ் சாத்தினிக்கு ஊதியமின்றி இரண்டு நாள் பணி இடைநீக்கம். அதைத் திங்கள், செவ்வாய்க் கிழமைகளில் அவள் கழித்தாள். முத்திரை விதி திருத்தப்படவில்லை. போல்ட்கள் வலப்பக்கத்திலிருந்தே செருகப்படும்.