கோழி இருக்கும் திசை

மனைவி மேவிஸின் தேநீர்க் கோப்பையை மூன்றாவது முறையாகத் தட்டிவிட்டபோது டெஸ்மண்ட் கோழி தேடிக்கொண்டிருந்தார். கோழி அவர் முகத்தில் மாட்டியிருந்த பெரிய மெய்நிகர் கண்ணாடிக்குள் மட்டும் இருந்தது. அது கொக்கரிக்கும் பக்கம் திரும்பி விரலை நீட்ட வேண்டும். அவர் நீட்டிய பக்கமெல்லாம் கோழி இல்லை.

"கோழி என்னைக்கோ செத்திருக்கும், டெஸ். நீ தேடுற தேடல்ல," என்றாள் மேவிஸ், தரையைத் துடைத்தபடி.

இரண்டு வருடங்களுக்கு முன் மூளைக்காய்ச்சல் அவர் செவிகளை முழுக்க அடைத்துவிட்டுப் போனது. இரு காதுகளுக்குள்ளும் கருவி பொருத்திய பிறகு சத்தம் திரும்பியது. அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது மட்டும் திரும்பவில்லை. எல்லாம் தலைக்கு நடுவிலேயே ஒலித்தது. வேறு யாராவது என்றால் சமாளித்திருப்பார்கள். டெஸ்மண்டோ டார்பி நகரத்து ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்தாட்டங்களுக்கு இருபத்தாறு வருடமாக நடுவர். சிகிச்சைக்குப் பின் வந்த முதல் ஆட்டத்தில், தன்னைத் திட்டியவனை விட்டுவிட்டு, பக்கத்தில் பேசாமல் ஆரஞ்சு தின்றுகொண்டிருந்த பாதிரியாரை மைதானத்தைவிட்டு வெளியேற்றினார். இன்னொரு முறை இப்படி நடந்தால் விசிலைத் திருப்பித் தந்துவிடும்படி சங்கச் செயலாளர் கண்ணியமாகக் கடிதம் எழுதினார். அதன் பிறகுதான் மருத்துவமனையில் அந்தக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி வந்தார்.

தினமும் அரை மணி நேரம். ஐந்தாவது வாரம் கோழி இடமா வலமா என்று பிடிபட்டது. எட்டாவது வாரம், பின்னணியில் உணவகத்து இரைச்சல் கேட்கும்போதே அதைப் பிடித்தார். மேவிஸ் கிண்டலை நிறுத்தவில்லை. ஆனால் அவர் கண்ணாடி மாட்டும் முன் நாற்காலிகளைச் சுவரோரம் நகர்த்தி வைப்பது அவள்தான் என்பது அவருக்குத் தெரியாது.

மார்ச் மாதத்து ஈரத்தில் மறுபடி மைதானத்தில் இறங்கினார். இரண்டாம் பாதியில் மேவிஸின் தம்பி மகன் ஆடிய அணியின் கோலை மறுத்தார். எல்லைக் கோட்டோரம் நாற்பது பேர் ஒன்றாக இரைந்தார்கள். அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது:

"காது மட்டும்தான் போச்சுன்னு நெனச்சேன், கண்ணும் போயிருச்சா?"

டெஸ்மண்ட் நின்றார். தலைக்கு நடுவில் இல்லை. இடப்பக்கம், சற்றுப் பின்னால். அவர் யோசிக்கும் முன் உடம்பு திரும்பிவிட்டது, விரலும் நீண்டுவிட்டது. விரலுக்கு நேரே நின்றவர்கள் மெல்ல இரு பக்கமும் ஒதுங்கினார்கள். வெட்டவெளியில், பச்சைக் குடையின் கீழ், பாதி பிஸ்கட்டை வாயில் வைத்தபடி மேவிஸ் தனியாக நின்றாள். தன் கண் நனைந்திருப்பது மழையாலா என்று அவருக்கே தெரியவில்லை. மஞ்சள் அட்டைக்காகச் சட்டைப் பையில் கை விட்டபடி, சேற்றில் அவளை நோக்கி நேராக நடந்தார்.