கதிர்காமத்து மொட்டை

"உங்கடை தாய் வழியிலை ஆருக்கும் புற்றுநோய் வந்ததோ?"

டொக்டர் இதைக் கேட்பது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் சுபாஜினி படிவத்தில் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். இப்போதும் அதையே சொன்னாள்.

முப்பத்தொரு வயது. கலியாணமாகி ஆறு வருடம். கருமுட்டைகள் அநேகமாகத் தீர்ந்துவிட்டன என்று ரிப்போட் சொல்லியது.

"சில குடும்பங்களிலை ஒரு மரபணுப் பழுது தாயிட்டையிருந்து மகளுக்கு வரும். மார்பிலை, சூலகத்திலை புற்றுநோய் வர இடமிருக்கு. முட்டையும் கெதியாக் குறையலாம். அதுதான் கேக்கிறன். அம்மா எப்பிடிக் காலமானவ?"

"நெஞ்சுவலி, டொக்டர்."

"தலைமயிர் கொட்டினதோ?"

"இல்லை. கதிர்காமத்திலை நேர்த்திக்கு மொட்டை போட்டவ."

டொக்டர் பேனையை வைத்தார். "புருவம் இருந்ததோ?"

சுபாஜினிக்கு அப்போது பதினொரு வயது. கதிர்காமம் என்று போய் இரண்டு மாதம் கழித்து அம்மா வீட்டுக்கு வந்தாள். மொட்டைத் தலை. புருவமும் இருக்கவில்லை. புருவத்தை எந்த முருகன் கேட்டான் என்று இருபது வருடமாக ஒருவரும் யோசிக்கவில்லை.

உரும்பிராய் வீட்டு முற்றத்தில் அப்பா கேதீஸ்வரன் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அம்மா போனது கதிர்காமமோ, மகரகமவோ?"

மகரகம என்றால் யாழ்ப்பாணத்தாருக்குக் கொழும்புப் பக்கத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரி. வேறு அர்த்தம் கிடையாது.

"மெல்லக் கதை பிள்ளை." அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "சூலகத்திலை. உன்ரை பெரியம்மாவுக்கும் உதுதான். வீட்டிலை ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். ஊர் அறிஞ்சா ஆர் சாதகக் குறிப்புக் கேட்டு வருவினம்?"

"பிள்ளைக்கெண்டு ரெண்டு வருசம் வீணாக் குளிசை விழுங்கினனான் அப்பா."

அவர் அடுத்த வெங்காயப் பிடியைக் கட்டினார்.

"தங்கச்சியையும் சோதிக்க வேணுமாம். முட்டை இருக்கேக்கையே எடுத்து வைக்கலாமாம்."

"மாப்பிள்ளை செந்தூரன் வீட்டாருக்கும் நெஞ்சுவலி எண்டுதான் சொன்னனான். நாளைக்குப் புத்தூரிலை அவையள் வீட்டிலை தாலிக்குப் பொன்னுருக்கல். கலியாணம் முடியட்டும். உன்னைக் கும்பிடுறன்."

அப்பா யாரையும் கும்பிட்டு அவள் பார்த்ததில்லை. ஆனாலும் உள்ளே போனாள். கதவைச் சாத்திவிட்டுத் தங்கை கஜானியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

கஜானி அழவில்லை. "நல்ல நாள் பாத்தாய் அக்கா" என்றாள். "செந்தூரன் இப்ப வாறார். பொன்னுருக்கினாப் பிறகு தாலி கட்டுமட்டும் பாக்கக்கூடாதாம், அதுதான். சொன்னா அவற்றை அம்மா விடமாட்டா. சொல்லாட்டி நான் கள்ளி. என்ன செய்ய?"



வாசல் படலையில் மோட்டார் சைக்கிள் நின்றது. கஜானி தலையை வாரிக்கொண்டு வெளியே போனாள். யன்னலால் பார்த்தால் இருவரும் சிரித்துக் கதைப்பது தெரிந்தது. அப்பா அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தார்.

பத்து நிமிடத்தில் கஜானி திரும்பி வந்தாள்.

"சொன்னனியோ?"

கஜானி கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். ஒரு விரலால் புருவத்தைத் தடவிப் பார்த்தாள்.

"கலியாணம் முடிஞ்ச கையோடை கதிர்காமம் போவமோ எண்டு கேட்டார். பிள்ளைவரம் கேக்கவாம்."

"நீ?"

"ஓம் எண்டிட்டன்."