ஒன்பது நாள் தள்ளி

அந்த வட்டாரத்தில் டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் யாரும் நினைவுக்கு வரமாட்டார்கள். டிரைவிங் டீச்சர்தான் வருவாள். எட்டு வருஷமாகப் பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பிரேக் எது, ஆக்சிலேட்டர் எது என்று தடுமாறுகிறவர்களோடு ஊர் சுற்றிப் பிழைத்துக் கிடப்பவள். வண்டி எப்படிக் குலுங்கினாலும் அவள் ஃபிளாஸ்க் மூடியில் இருக்கும் காபி ஒரு சொட்டுச் சிந்தாது.

அப்படிப்பட்டவள்தான் அன்று காலை ரவுண்டானாவைத் தாண்டியதும், "ஓரங்கட்டுங்க, ஓரங்கட்டுங்க" என்று சொல்லி, கார் நிற்கும் முன்பே கதவைத் திறந்து, வேலியோரம் குனிந்து வாந்தி எடுத்தாள்.

ஓட்டிக்கொண்டிருந்தவள் நூலகத்தில் வேலை பார்க்கிறவள், மூன்று பிள்ளைகளுக்குத் தாய். தண்ணீர் பாட்டிலோடு இறங்கி வந்தாள்.

"நான் அவ்வளவு மோசமாவா திருப்பினேன், டீச்சர்?"

"பின்னே? ரவுண்டானாவையே ரெண்டு சுத்து சுத்தினா என்ன ஆகும்?"

"நீங்கதானே சுத்தச் சொன்னீங்க."

உண்மைதான். டீச்சர் வாயைக் கொப்பளித்துக்கொண்டாள். நூலகக்காரி கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து காபி வாடையே பிடிக்கலைன்னு மூடியை மூடிட்டீங்க. முந்தாநாள் சிக்னல்ல கொட்டாவி மேல கொட்டாவி. நாள் ஏதாவது தள்ளிப் போயிருக்கா?"

டீச்சர் விரல் விட்டு எண்ணினாள். ஒன்பது நாள். லைசென்ஸ் டெஸ்டுக்கு ஆள் குவிந்திருந்த அலைச்சலில் கவனிக்கவே இல்லை. மார்பு வலித்ததற்கு இத்தனை நாளாக சீட் பெல்ட் மேல் அல்லவா பழி போட்டுக்கொண்டிருந்தாள்!

போன வருஷம் நாலு நாள் தள்ளியபோது, எதையும் சோதித்துப் பார்க்காமல் கணவனிடம் சொல்லிவிட்டாள். லிப்ட் மெக்கானிக்கான அவன் அன்றைக்கே சொந்தபந்தம் அத்தனைக்கும் போன் போட்டான். மறுநாளே மாதவிலக்கு வந்துவிட்டது. அதன்பிறகு ஒரு மாதம் ஆள் மாற்றி ஆள் ஆறுதல் சொன்னதுதான் அவளால் தாங்க முடியவில்லை. இந்த முறை உறுதியாகத் தெரியும்வரை மூச்சு விடுவதில்லை என்று முடிவு கட்டினாள்.

தெருமுனை மருந்துக்கடையில் வேலை பார்ப்பது அவள் நாத்தனார். இருப்பதும் அவர்கள் வீட்டு மாடி அறையில்தான். ஆகவே டீச்சர் ஊரின் மறுகோடியில் இருந்த அதே கடையின் கிளைக்கு வண்டியை விட்டாள். பஞ்சு கேட்டாள், பல் பிரஷ் கேட்டாள், அப்புறம் யாருக்கும் கேட்காத குரலில் கர்ப்பம் பார்க்கிற கிட் ஒன்று கேட்டாள். கவுன்டருக்குக் கீழே குனிந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்தது. சாட்சாத் நாத்தனார்.

"இங்க ஒருத்தர் லீவு, என்னை அனுப்பிட்டாங்க. யாருக்கு அண்ணி?"

"ஒரு ஸ்டூடண்டுக்கு."

"எத்தனை நாள் தள்ளியிருக்காம் அவங்களுக்கு?"

"ஒன்பது."

நாத்தனார் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "அப்ப பார்க்கலாம். காலையில எழுந்ததும் முதல் தடவை போற சிறுநீர்ல பார்க்கச் சொல்லுங்க, அதுதான் நல்லா காட்டும். மூணு சொட்டு விட்டுட்டு, அட்டையில போட்டிருக்கிற நிமிஷத்துக்குள்ள பார்த்துடணும். ஆற அமர அப்புறம் பார்த்தா அது கணக்கில்லை. ரெண்டாவது கோடு லேசா விழுந்தாலும் பெரும்பாலும் ஆமான்னுதான் அர்த்தம். ஒரே கோடு வந்து, அப்பவும் தலைக்குக் குளிக்கலைன்னா, ரெண்டு மூணு நாள் விட்டு மறுபடி பார்க்கணும். நடுவில கடுமையா வயித்து வலி, ரத்தப்போக்குன்னு வந்தா கிட்டை நம்பி உட்காராம டாக்டர்கிட்ட ஓடணும்."

"சொல்றேன்."

"எதுக்கும் ரெண்டா வாங்கிட்டுப் போங்க. உங்க ஸ்டூடண்ட் அவசரக்காரங்கன்னு தோணுது. அப்புறம் அண்ணி, அவங்க வீட்டுக்காரர்கிட்ட நான் மூச்சு விடமாட்டேன்."

டீச்சருக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

காலைவரை பொறுத்திருக்கத்தான் நினைத்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் முடியவில்லை. இரண்டு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்தாள். குளியலறைக் கதவைச் சாத்தி, மூன்று சொட்டு விட்டாள். உடனே கணவன் வந்து கதவைத் தட்டினான். கை முழுக்க கிரீஸ், சோப்பு வேண்டுமாம். கிட்டை அதோடு வந்த காகிதத்தோடு சேர்த்து அழுக்குத்துணிக் கூடைக்குள் செருகிவிட்டு வெளியே வந்தாள். மறுபடி எடுத்துப் பார்க்க நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. ஒரு கோடு பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் நிறமே இல்லாமல் நூல்போல ஏதோ ஒன்று. படம் எடுத்து மாடிக்கு அனுப்பினாள்.

பதில் வந்தது: 'இது செல்லாது அண்ணி. உங்க ஸ்டூடண்ட் பாடத்தைக் கவனிக்கவே இல்லை. நாளைக்குக் காலையில பார்க்கச் சொல்லுங்க.'

மறுநாள் விடிந்ததும் டீச்சர் இரண்டாவது கிட்டோடு உள்ளே போனாள். இந்த முறை போனில் அலாரம் வைத்துக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். ஈரம் மெல்லப் படர்ந்தது. முதலில் ஒரு கோடு. அலாரம் அடிக்க இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கும்போதே, அதன் பக்கத்தில் இன்னொன்று, இளஞ்சிவப்பாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது பசி.

கதவுக்கு வெளியே தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"ஒண்ணா ரெண்டா? அதை மட்டும் சொல்லிடு."

அவள் கதவைத் திறந்தாள். கணவன் கையில் அந்தக் கிட்டோடு வந்த காகிதம், நாலாக மடித்தது.

"துணிக்கூடையில கிடந்துச்சு. ரெண்டு தரம் படிச்சுட்டேன். போன தடவை நான்தான் தம்பட்டம் அடிச்சு உன்னைக் கஷ்டப்படுத்தினேன். அதான் நீயா சொல்றவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு இருந்தேன். விடிஞ்சதுக்கு அப்புறம் முடியலை."

"ரெண்டு," என்றாள்.

அவன் அப்படியே ஈர மிதியடி மேல் உட்கார்ந்துவிட்டான். மாடிப்படியில் பல் பிரஷை வாயில் வைத்தபடி நின்ற நாத்தனார், "இப்பவாவது ஸ்டூடண்ட் யாருன்னு சொல்லலாமா அண்ணி?" என்றாள்.

அடுத்த வாரம் டாக்டர் ஸ்கேன் செய்து காட்டினார். பயறு அளவு ஒரு புள்ளி, அதற்குள் படபடவென்று ஒரு துடிப்பு. ஆறு வாரம் தாண்டிவிட்டதாம். ஃபோலிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார், காரில் சீட் பெல்ட்டை அடிவயிற்றுக்குக் கீழே இறக்கிப் போடச் சொன்னார். மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் சொல்வதில்லை என்று மூன்று பேரும் சத்தியம் செய்துகொண்டார்கள்.

வெளியே வந்ததும் கணவனின் போன் அடித்தது. அவன் அம்மா.

"என்னடா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஜலதோஷம்மா," என்றான் கணவன், காதுவரை சிரித்துக்கொண்டு.