ஹாலி வீடு போன விலை

எங்கள் பெக்கன் தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சு. ஒரே கம்பெனி கட்டியது, ஒரே வரைபடம், முன்னால் கார் விட காரேஜ், பின்னால் செம்மண் முற்றம். பக்கத்து ராணுவ முகாமில் பீரங்கிப் பயிற்சி நடந்தால் எல்லா வீட்டு ஜன்னலும் சேர்ந்து அதிரும். அதனால் இங்கே யாரும் தன் வீட்டுக்கென்று தனி விலை சொல்லிக்கொள்ள முடியாது. கடைசியாக எந்த வீடு என்ன விலைக்குப் போனதோ, அதுதான் அத்தனை பேருக்கும் விலை. ஒருத்தி குறைத்து விற்றால் தெருவே குறைந்துபோகும்.

இது எங்கள் தெரு ஹாலிக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் இரண்டு லட்சம் டாலர் என்று வாசலில் பலகை நட்டாள்.

என் வீட்டுக் கடனே அதைவிட அதிகம். ராணுவத்தில் இருக்கும் என் புருஷன் கர்ட்டுக்கு ஜெர்மனிக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. மூன்று வருஷம். ஆகஸ்டில் போய்ச் சேர வேண்டும், குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகலாம். எங்கள் வீடு இரண்டு லட்சத்து இருபதாயிரத்துக்குப் போனால் கடனைத் தீர்த்துவிட்டு நானும் அவனோடு விமானம் ஏறலாம். வீடு போகாவிட்டால் நான் இங்கேயேதான் கிடக்க வேண்டும். நான் இந்த ஊரில் இருக்கும்வரைதான் ராணுவம் வீட்டுச் செலவுக்கென்று மாதாமாதம் படி தரும். அந்தப் படியில்தான் கடன் தவணை ஓடுகிறது. நான் கிளம்பினால் படி நின்றுவிடும், அடுத்த மாதமே பாங்க்காரன் வாசலில் வந்து நிற்பான்.

கர்ட்டைத் தனியாக அனுப்ப முடியாது. இதில் எனக்கு என்ன வெட்கம், ஊருக்கே தெரிந்த கதைதான். போன தடவை கொரியாவுக்குத் தனியாகப் போனான். திரும்பி வந்தபோது அவன் போனில் ஒருத்தி குடியிருந்தாள். தினமும் அவன் குட் நைட் சொன்னால்தான் மகாராணிக்குத் தூக்கம் வருமாம். அழுது, சண்டை போட்டு, பாஸ்டர் முன்னால் போய் உட்கார்ந்து, ஒருவழியாகக் குடும்பத்தை ஒட்டவைத்தேன். இன்னொரு தடவை ஒட்டாது.

ஹாலிக்கு என்ன அவசரம் என்று கேட்பீர்கள். அவள் புருஷன் ட்ரெவர் குளிர்காலத்தில்தான் போர்முனையிலிருந்து திரும்பினான். பிப்ரவரியில் ஒரு நாள் காரேஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். நான் என்ன கல்நெஞ்சுக்காரியா? அடக்கத்தன்று கோழிக் கேசரோல் செய்து முதலில் எடுத்துப் போனவளே நான்தான். ஆனால் துக்கம் வேறு, விலை வேறு. இதைப் போய் அவளிடம் யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்? யாருக்கும் வாய் வரவில்லை. நான் போனேன். கையில் பீச் பழப் பணியாரத்தோடுதான் போனேன், வெறுங்கையோடு போகவில்லை.

கூடத்துச் சோபாவில் தலையணையும் போர்வையும் கிடந்தன. அவளும் நான்கு வயதுப் பெண்ணும் அங்கேதான் படுக்கிறார்களாம். ஒஹாயோவில் அக்கா வீட்டுக்குப் போய்விடப் போவதாகச் சொன்னாள்.

"போ, யாரு வேணாங்கிறா? ரெண்டே மாசம் பொறு. என் வீடு முடியட்டும். அப்புறம் நீ சும்மாகூடத் தூக்கிக் குடு, நான் ஏன்னு கேக்கமாட்டேன்" என்றேன்.

"எனக்கு விலை முக்கியமில்ல ரோண்டா. இங்கருந்து போகணும், அவ்வளவுதான். புள்ள சாயந்தரமானா காரேஜ் கதவுகிட்டப் போய் நிக்குது. அப்பா வெளிய வரட்டும்னு நிக்குது."

"அதுக்கென்ன, கதவுக்கு முன்னாடி ஒரு அலமாரிய நகத்தி வச்சிரு."

அவள் பணியாரத்துக்கு நன்றி சொன்னாள். நான் நியாயமாகத்தான் பேசினேன் என்று இப்போதும் சொல்வேன். வீட்டுக்கு வந்து கர்ட்டிடம் சொன்னேன். அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றான்.

அந்த வாரமே அவளுக்கு ஆள் கிடைத்துவிட்டது. புதிதாக இந்த முகாமுக்கு வரும் ஒரு இளம் கார்ப்பரல், அவன் மனைவி. அவளுக்கு வயிறு மேடிட்டு நடக்கவே மூச்சு வாங்கியது. கேட்ட விலையைத் தருவதாக ஒப்புக்கொண்டு, இரண்டாம் தடவை பார்க்க வந்திருந்தார்கள்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. வீட்டில் சாவு நடந்ததா என்று வாங்குகிறவர் வாய்விட்டுக் கேட்டால் ஏஜென்ட் பொய் சொல்லக்கூடாது. கேட்காவிட்டால் தானாகச் சொல்லவும் வேண்டியதில்லை. சிப்பாய் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் நாக்கு எழாது. அதனால் வீட்டைப் பார்த்து முடித்ததும் தெருவில் மெல்ல நடப்பார்கள், அக்கம்பக்கத்தில் பேச்சுக் கொடுப்பார்கள். சொல்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். நான் அன்று காலையிலிருந்து செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். செடி அழுகாமல் இருந்ததே பெரிய விஷயம்.

அந்தப் பெண்தான் கேட்டாள். "தெரு எப்படிங்கக்கா? நல்லா இருக்குமா?"

"தங்கமான தெரும்மா. அந்த வீட்டுக்காரரும் தங்கமான மனுஷன்தான். பாவம், அந்தக் காரேஜுக்குள்ள போனவரு..."

அதோடு நிறுத்திக்கொண்டேன். எங்கள் ஊரில் அந்த வாக்கியத்தை முடிக்கத் தேவையில்லை. அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. கார்ப்பரல் காரேஜைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் ரொம்ப மரியாதையாக எனக்கு நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதன்பின் சேதி எப்படியோ பரவி, அந்த வீட்டுப் பக்கம் ஒரு சிப்பாய்க் குடும்பமும் எட்டிப்பார்க்கவில்லை.

மறுநாள் ஹாலி என் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"நீங்கதான் சொன்னீங்களா?"

"நான் பொய் ஒண்ணும் சொல்லலியே."

"இல்ல. பொய் சொல்லல" என்று தலையாட்டினாள். அழவில்லை, கத்தவில்லை. அப்படியே திரும்பி நடந்தாள். கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

என் நேரம் அப்போது நன்றாகவே இருந்தது. டெக்சாஸிலிருந்து மாற்றலாகி வரும் ஒரு சார்ஜெண்ட் என் வீட்டைப் பார்த்து, நான் கேட்ட இரண்டு இருபதுக்கே சரி என்றுவிட்டார். குளிர் கோட்டு வாங்கினேன். ஜெர்மன் மொழியில் ரொட்டிக்கும் பாலுக்கும் என்ன சொல்வது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். கர்ட்டுக்கும் சொல்லிக்கொடுத்தேன், அவன் காதில் ஏறவில்லை. பாங்க் அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்து பார்த்து இந்த வீடு அந்த விலை பெறும் என்று எழுதவேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் ஹாலி வீட்டு வாசல் பலகையைப் பிடுங்கிவிட்டார்கள். வாங்கியவர் சார்ஜெண்ட் மேஜர் டொய்ல். ஓய்வு பெற்று வருஷக்கணக்காகியும் ஊர் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. மாற்றலில் தவிக்கிறவர்களின் வீடுகளை ரொக்கம் கொடுத்து அடிமாட்டு விலைக்கு வாங்கி வாடகைக்கு விடுவதுதான் அவர் பிழைப்பு. விலை ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்றார்கள். ஓடிப்போய் அவரையே கேட்டேன்.

"இது அநியாயம் சார். அநாதரவா நிக்கிற பொண்ணுகிட்டயா இப்படி?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "நான் ஒண்ணு எம்பது வரைக்கும் குடுக்கலாம்னுதான் மேடம் இருந்தேன். சிப்பாய்ங்க ஒருத்தனும் வரமாட்டேங்கிறான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. உங்க புண்ணியம்."

மதிப்பீட்டாளர் வந்தது அடுத்த வாரம். கண்ணாடி போட்ட, சிரிக்கத் தெரியாத மனுஷன். நான் போட்டுக் கொடுத்த ஐஸ் டீயைத் தொடவே இல்லை. அதே தெரு, அதே அச்சு வீடு, போன வாரம் விற்ற விலை இது என்று காட்டினார். நான் மானம் மரியாதையெல்லாம் மறந்து கெஞ்சினேன். அது சாவு நடந்த வீடு சார், அதோடு போய் என் வீட்டைச் சேர்க்கலாமா என்று கேட்டேன்.

"ஆள் செத்ததெல்லாம் என் கணக்குல வராதும்மா. சதுர அடிதான் வரும்" என்றார்.

என் வீடு ஒன்று அறுபது பெறும் என்று எழுதிவிட்டுப் போனார். அதற்குமேல் வாங்குகிறவருக்குப் பாங்க் ஒரு காசு கடன் தராது. டெக்சாஸ் சார்ஜெண்ட் வருத்தம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். என் ஏஜென்ட் மிஸ் வெர்னா, "இனி அந்த விலைக்குத்தான் ஆள் வரும் கண்ணு. கடன்ல துண்டு விழுறத நீ கையிலேர்ந்து போட்டா வித்துடலாம்" என்றாள். கையில் இருந்தால் நான் ஏன் இந்தப் பாடு படுகிறேன்? வாடகைக்கு விடலாமென்று பார்த்தால், டொய்ல் ஹாலி வீட்டுக்குச் சுண்ணாம்படித்து, காரேஜைத் தடுத்து ஓர் அறையாக்கி, என் தவணையில் பாதிக்கு விட்டுவிட்டார். அவருக்கென்ன, வாங்கியதே மலிவு விலைக்கு. என் வீட்டை எவன் சீண்டுவான்?

அதற்கு முன்னால், ஹாலி ஊரைவிட்டுப் போன அன்று நான் வெளியேதான் நின்றேன். கார் என் வீட்டைத் தாண்டும்போது அவள் திரும்பவில்லை. பின்சீட்டுக் குழந்தை மட்டும் எனக்குக் கை காட்டியது. நானும் காட்டினேன். போகிற வழியில் என் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டுப் போகிறாளே என்று எனக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேள், மேலதிகாரியிடம் குடும்ப நிலைமையைச் சொல், தருவார்கள் என்று கர்ட்டிடம் மன்றாடினேன். கேட்கிறேன் என்றான். கேட்டானா என்று முகாமில் விசாரித்தேன். அப்படி ஒரு பேச்சே வரவில்லை என்றார்கள்.

கிளம்புகிற அன்று புதுச் சட்டை போட்டிருந்தான். முகம் மழித்து, வாசனைத் தண்ணீர் தெளித்து, பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு இறங்கினான். நான் போட்டு வைத்திருந்த என் பெட்டி நடையிலேயே இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனான். நான் பின்னாலேயே ஓடி, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னைய எப்ப கூப்பிடுவே கர்ட்?"

அவன் என் விரல்களை ஒவ்வொன்றாகக் கதவிலிருந்து எடுத்துவிட்டான்.

"விலை ஏறட்டும் ரோண்டா" என்றான்.