ஏழு பேருக்கு ஒரே விலாசம்

எங்கள் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் பிரிவைக் கவனிக்கிற அம்மாவுக்கு, ஊரை விட்டு இந்த நாட்டுக்குப் படிக்க வந்த நாங்கள் வைத்த பெயர் 'பத்து நாள் மேடம்'. வீடு மாறினால் பத்து நாளுக்குள் சொல், போன் நம்பர் மாறினால் பத்து நாளுக்குள் சொல் என்று உயிரை எடுப்பார். சொன்னதையெல்லாம் அரசாங்கக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். தும்மினால்கூட இவரிடம் எழுதிக் கொடுக்கணுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரே வருஷத்தில் நான்கு அறை மாறியவள் நான். எங்களுக்கு மூத்த மாணவர் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அண்ணன். "எதுக்கு ஒவ்வொரு தடவையும் அலையறே? என் விலாசத்தையே குடுத்துடு" என்றார். ஏற்கெனவே ஆறு பேர் அப்படித்தான் கொடுத்திருந்தார்கள். நானும் ஏழாவதாகச் சேர்ந்துகொண்டு ஆய்வகத்தில் நிம்மதியாக விதை முளைக்க வைத்தேன்.

படிப்பு முடிந்து அண்ணன் வீட்டைக் காலி செய்தார். எங்கள் விலாசமும் கூடவே போய்விட்டது என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

நாலு மாசம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மதியம். குளிர் அறையில் கையுறை மாட்டிக்கொண்டு தட்டுத் தட்டாக முளை எண்ணிக்கொண்டிருந்தேன். போன் வெளியே பையில். கதவைத் திறந்துகொண்டு மேடம் மூச்சிரைக்க நின்றார். கையில் என் போட்டோ ஒட்டிய கோப்பு.

"பதினோரு தடவை போன் பண்ணிட்டேன். மூணு கட்டடம் ஏறி இறங்கிட்டேன். நீ எங்கேதான்ம்மா குடியிருக்கே?"

அரசாங்கம் எனக்கு அனுப்பிய கடிதம், அப்படி யாரும் இங்கே இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறது. இன்று ஐந்து மணிக்குள் கல்லூரி பதில் சொல்லாவிட்டால், இந்த நாட்டில் தங்கிப் படிப்பதற்கான என் பதிவு ரத்து. பட்டம் வாங்க இரண்டே மாதம் இருக்கும்போது ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவர் அலுவலகத்துக்கு ஓடினோம். "நேத்துதான் வீடு மாறினேன்னு போட்டுடுங்களேன் மேடம்" என்று கெஞ்சினேன்.

"அதை மட்டும் கேக்காதே. நாலு மாசமா சொல்லலைன்னுதான் எழுதுவேன்."

தொலைந்தேன் என்று நினைத்தேன். வாடகை ஒப்பந்தத்தைப் போனில் தேடிக் காட்டினேன். அவர் என் பேராசிரியரைக் கூப்பிட்டு ஏதோ விசாரித்தார், பிறகு தட்டச்சு செய்தார், திரையை என் பக்கம் திருப்பினார். தாமதம் மாணவியின் தவறு என்று இருந்தது. அதற்குக் கீழே, 'இவர் ஒரு நாளும் படிப்பை விடவில்லை. இன்று ஆய்வகத்தில் வேலை செய்துகொண்டிருந்தவரை நானே நேரில் பார்த்தேன். இதற்கு நான் பொறுப்பு.'

என்னைப் பெற்றவர்கள்கூட எழுத்தில் இப்படிச் சொன்னதில்லை. அழுதுவிட்டேன். நான்கு நாற்பதுக்கு அனுப்பினார்.

திங்கட்கிழமை பதில் வந்தது: பதிவு தொடரும். நன்றி சொல்ல வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு போனேன்.

"நன்றியெல்லாம் இருக்கட்டும். அதே விலாசத்துல இன்னும் ஆறு பேர் இருக்காங்க. அவங்க கடிதமும் திரும்பத்தான் போகுது. யார் எங்கே இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும். அன்று ஆய்வகத்துக்கு மட்டம் போட்டேன். மூன்று மணிக்குள் ஐந்து பேரைக் கூட்டி வந்து அவர் முன்னால் நிறுத்தினேன். ஆறாவது ஆள் போனை எடுக்கவில்லை. மேடம் கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். நானும் கூடவே கிளம்பினேன்.