ஒரு சின்ன சந்தேகம்

எங்கள் கம்பெனிக்குக் கதவு கிடையாது. அதனால் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டிய நிலை வந்தபோது, அதை எப்படிச் செய்வது என்று பெரிய டீச்சருக்கே கொஞ்சம் யோசனையாகிவிட்டது.

பெரிய டீச்சர் உண்மையில் டீச்சர் இல்லை. எங்கள் கம்பெனியின் அன்றாட வேலைகளை நடத்துகிறவர். யார் எதை எழுதினாலும் திருத்தித் திருப்பி அனுப்புவதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நானும் நேரிலேயே அப்படித்தான் கூப்பிடுகிறேன். நேரில் என்றால் கம்ப்யூட்டர் திரையில். எங்களுக்கு அதுதான் நேர். எந்த நோயாளி எப்போது வர வேண்டும் என்று பல் மருத்துவமனைகளுக்கு நேரம் ஒதுக்கித் தரும் மென்பொருள் எங்களுடையது. முப்பது பேர், முப்பது ஊர், முப்பது சாப்பாட்டு மேசை. ஆபீஸ் என்று சொல்லிக்கொள்ள ஒரு செங்கல்கூடக் கிடையாது.

என் மனைவியின் அண்ணனுக்கு இது பெரிய குறை. அவர் இரும்புத் தகடு வெட்டும் பட்டறை வைத்திருக்கிறார். மணி அடித்தால் ஆள் வருவார்கள், மணி அடித்தால் போவார்கள்.

"மாப்ள, உன் கம்பெனிய நான் ஒரு தடவையாவது தொட்டுப் பாக்கணும்டா" என்பார். "வாசல்ல ஒரு வாட்ச்மேனாவது வை. சல்யூட் அடிக்க ஆள் இல்லாதவன் என்னடா முதலாளி?"

கதவில்லாத கம்பெனியில் ஒரு தொல்லை உண்டு. ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் அவர் தலைக்குள்ளேயே குடியிருந்துவிடும். ஆபீஸ் என்றால் பக்கத்து நாற்காலியை எட்டிப் பார்த்துக் கேட்டுக்கொள்ளலாம். எங்களுக்குப் பக்கத்து நாற்காலி வேறொரு நாட்டில் இருக்கிறது; அங்கே இருப்பவர் அந்த நேரத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். ஆகவே ஒரு விதி வைத்தோம். வருடத்தில் ஒரு வாரம் ஒவ்வொருவரும் சுத்தமாகக் காணாமல் போக வேண்டும். போன் இல்லை, கடிதம் இல்லை. அந்த வாரத்தில் எந்த வேலை சிக்கி நிற்கிறதோ, அது அவருக்கு மட்டும் தெரிந்த வேலை. திரும்பி வந்ததும் அதை எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதி வைத்துவிட்டால், பிறகு யாரும் யாரையும் தூக்கத்தில் எழுப்ப வேண்டியதில்லை.

விதியை எழுதியவன் நான். மேடைகளில் இதைப் பற்றிப் பேசிக் கைத்தட்டலும் வாங்கியிருக்கிறேன். நான் மட்டும் ஒரு நாள்கூடக் காணாமல் போனதில்லை. கடலில் குளிக்கும்போதுகூடப் போனை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்ட மனிதன் நான்.

"சார், அடுத்த வாரம் நீங்க காணாமப் போறீங்க" என்றார் டீச்சர் ஒரு நாள்.

"நான் எதுக்கு டீச்சர்? நான் என்ன வேலை செய்றேன், காணாமப் போறதுக்கு?"

"அதத்தான் கண்டுபிடிக்கணும்."

நான் சிரித்தேன். திரையில் டீச்சர் சிரிக்கவில்லை.

"போன மாசம் 'ஒரு சின்ன சந்தேகம், இந்தப் பட்டன் ஏன் நீலமா இருக்கு'ன்னு எழுதினீங்களே, எதுக்கு?"

"சும்மாத்தான்."

"மூணு பேர் கையில இருந்த வேலைய விட்டுட்டு அதப் பச்சையா மாத்தினாங்க."

"ஐயோ, எனக்கு அந்த நீலம் ரொம்பப் புடிச்சிருந்துதே!"

"அது அவங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க மூஞ்சி அங்க தெரியாது சார். எழுத்து மட்டும்தான் போகுது. நீங்க சிரிச்சுக்கிட்டே கேட்டாலும் அங்க போய்ச் சேரும்போது அது ஆர்டர். உங்க சின்ன சந்தேகம் வந்துடுச்சுன்னா அன்னிக்குப் பாதிப் பேருக்கு வேலை ஓடாது. நான் முடிவு பண்ணி வச்சதெல்லாம் மறுபடி முதல்லேருந்து."

நான் வாயைத் திறந்து மூடினேன். திரையில் என் முகத்தையே பார்க்க நேர்வதுதான் இந்தத் தொழிலின் பெரிய கொடுமை.

"இன்னொன்னும் சொல்லிடறேன்" என்றார். "வேற ஒரு கம்பெனில கூப்பிடறாங்க. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"சம்பளம் பத்தலையா டீச்சர்?"

"சம்பளம் இல்ல சார். என்கிட்ட குடுத்த வேலைய என்னைச் செய்ய விடுவீங்களான்னு ஒரு வாரம் பாக்கணும். அவ்வளவுதான்."

டீச்சர் போய்விட்டாலும் கம்பெனி இருக்கும். எங்கே இருக்கிறது என்றுதான் எனக்குத் தெரியாது. நாங்கள் ஆறே பேராக இருந்த காலத்தில் வந்தவர். எனக்கு மாதம் நாலு புது யோசனை தோன்றும். அதில் மூன்றை யாருக்கும் வலிக்காமல் அடக்கம் செய்து, மிச்சம் ஒன்றை நடத்திக் காட்டுவார். அவர் இல்லாத ஒரு திங்கட்கிழமையை நினைத்துப் பார்த்தேன்.

"போறேன் டீச்சர்" என்றேன்.

போகிறவன் சும்மா போயிருக்கலாம். வெள்ளிக்கிழமை, கடைசி நேரத்தில், எனக்கு மிகவும் பிடித்த ஒரு யோசனையை உள்ளே தள்ளிவிட்டுப் போனேன். நோயாளிகளுக்கு நாங்கள் அனுப்பும் நினைவூட்டல் ஒரே வறட்சியாக இருக்கும்: நாளை காலை பத்து மணி, வரவும். அதைக் கொஞ்சம் சிரிக்க வைத்தேன். 'உங்கள் கடைவாய்ப் பல் உங்களை மிகவும் விசாரித்தது. நாளை காலை பத்து மணிக்கு இருவரும் சேர்ந்து வரவும்.' எழுதிவிட்டு நானே ஐந்து நிமிடம் சிரித்தேன். 'ஒரு சின்ன சந்தேகம், இதை இன்றைக்கே வெளியிட்டால் என்ன?' என்று மென்பொருள் எழுதும் பையன்களைக் கேட்டேன். கேட்டது முதலாளி என்பதால் அவர்கள் சோதித்துக்கூடப் பார்க்காமல் வெளியிட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை என் கடவுச்சொல் மாற்றப்பட்டது. லேப்டாப் பீரோ மேல் ஏறியது. என் போனிலிருந்து கம்பெனி சம்பந்தப்பட்டதையெல்லாம் என் மகள் அழித்தாள். காலேஜ் விடுமுறையில் இருந்த அவளைக் காவலுக்குப் போட்டது என் மனைவி. மனைவியிடம் பேசி ஏற்பாடு செய்தது டீச்சர். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. என் விஷயம் என்றால் மட்டும் அப்படி ஒரு கூட்டணி.

முதல் இரண்டு நாள் வீட்டைச் சீர்திருத்தினேன். "ஒரு சின்ன சந்தேகம், சக்கரை டப்பா ஏன் மேல் தட்டுல இருக்கு?" என்று சமையலறையில் ஆரம்பித்தேன்.

"இங்க யாரும் அதப் பச்சையா மாத்த மாட்டாங்க" என்றாள் மனைவி திரும்பிப் பார்க்காமலே.

புதன்கிழமை போன் அடித்தது. எங்கள் வாடிக்கையாளர்களிலேயே பெரியவர். ஏழெட்டு பல் மருத்துவமனைகள் வைத்திருக்கும் டாக்டர். என் சொந்த எண் அவரிடம் இருந்தது.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க? என் பேஷன்ட் ஒருத்தர அவரோட கடைவாய்ப் பல் விடாம விசாரிச்சுக்கிட்டே இருக்கு! காலையிலேருந்து நிமிஷத்துக்கு ஒரு மெசேஜ். இன்னொரு அம்மாவுக்கு வாயில பல்லே இல்ல, அவங்களையும் விசாரிச்சிருக்கு. அவங்க அழறாங்க!"

எனக்குக் கால் வியர்த்தது.

"உங்க ஆளுங்களக் கூப்பிட்டா, பாத்துக்கிட்டு இருக்கோம், மதியத்துக்குள்ள சரியாயிடும்ங்கறாங்க. எனக்கு அவங்க வேணாம். நீங்க உள்ள வாங்க."

பீரோவைப் பார்த்தேன். ஒரு நாற்காலி போட்டால் போதும். என் மகள் எதிரே வந்து நின்று, போனைக் கொடு என்று கையை நீட்டினாள். நாலு வயதில் பலூன் கேட்டபோது நீட்டிய அதே கை.

"டாக்டர், நான் லீவுல இருக்கேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "மதியத்துக்குள்ளன்னு அவங்க சொன்னா மதியத்துக்குள்ள ஆயிடும். அவங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். நான் உள்ள வந்தா சாயங்காலம் ஆயிடும்."

"நல்ல முதலாளிய்யா நீ!" என்று வைத்துவிட்டார்.

மகள் கையை இறக்கினாள். "பரவால்லயேப்பா" என்றாள்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் ஒரு மகான். ஆனால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மனைவியின் பழைய போன் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழிட்டேன்.

எங்கள் கம்பெனிக்கு இணையத்தில் ஒரு நிலவரப் பக்கம் உண்டு. கோளாறு வந்தால் மறைக்காமல் அதில் எழுத வேண்டும், ஊரே படிக்கலாம். அதுவும் நான் வைத்த விதிதான். திறந்து பார்த்தேன். அரை மணிக்கொரு தடவை எழுதியிருந்தார்கள். என்ன நடந்தது, யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று, இன்னும் என்ன பாக்கி. அலங்காரம் இல்லை, சால்ஜாப்பு இல்லை. மதியத்துக்கு முன்பே சரியாகியிருந்தது. காரணம் என்ற இடத்தில், 'போதுமான அளவு சோதிக்காமல் ஒரு புதிய வசதியை வெளியிட்டோம்' என்று இருந்தது. வெளியிட்டோம். முதலாளி கடைசி நேரத்தில் திணித்தார் என்று எழுத ஒருவருக்கும் மனம் வரவில்லை. துணி துவைக்கும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அடுத்த வரியையும் படித்தேன். 'நகைச்சுவை நினைவூட்டல் நிரந்தரமாக நீக்கப்பட்டது.'

நீக்கட்டும். அது என்ன, நிரந்தரமாக? பல்லில்லாத அம்மா ஒருவருக்காக நல்லதொரு சிரிப்பைக் காலாகாலத்துக்கும் புதைப்பதா? பக்கத்தின் அடியில், வாடிக்கையாளர்கள் கேள்வி கேட்க ஒரு கட்டம் இருந்தது. என் விரல் என் பேச்சைக் கேட்கவில்லை.

'ஐயா, நான் ஒரு சிறிய பல் மருத்துவமனை நடத்தும் பெண் மருத்துவர். ஒரு சின்ன சந்தேகம். நகைச்சுவை நினைவூட்டலை ஏன் அடியோடு நீக்கினீர்கள்? எங்கள் நோயாளிகள் மிகவும் ரசித்தார்கள். அதை எழுதியவர் யாரோ, நல்ல ரசனை உள்ளவர்.'

அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் நான் எழுதியதை நானே படித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே 'ஒரு சின்ன சந்தேகம்' என்று இருந்தது.

பதில் வர ரொம்ப நேரம் ஆகவில்லை.

'மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா, உங்கள் சின்ன சந்தேகம் வந்து சேர்ந்தது. இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒருவர் எங்களிடம் இருக்கிறார். இப்போது விடுப்பில் இருக்கிறார். அவரைத் தொந்தரவு செய்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். தயவுசெய்து நீங்களும் செய்ய வேண்டாம். பல்லைப் பார்த்துக்கொள்ளவும்.'

கதவு இடிபட்டது. "அப்பா, உள்ள என்ன பண்றே? தண்ணிச் சத்தமே காணோம்?"

குழாயைத் திறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க நான் மனுஷனாக இல்லை. டீச்சர் அன்றைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாரம் கேட்டார். அதில்கூட வேஷம் போட்டுக்கொண்டு போய் மூக்கை நுழைத்தாயிற்று. சாயங்காலம் மச்சான் வந்தார். என்னைப் பார்த்து, கம்பெனி மூழ்கிவிட்டதென்றே முடிவுகட்டிவிட்டார்.

"இல்ல மச்சான். நல்லா ஓடுது. நான் இல்லாமலே."

"நீ இல்லாம ஓடினா அப்புறம் நீ எதுக்குடா?" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். "என் பட்டறைக்கு நான் ஒரு நாள் போகலைன்னா ஒரு மெஷின் திரும்பாது, தெரியுமா?"

சொல்லி முடிப்பதற்குள் அவர் போன் அடித்தது. எந்தத் தகடை முதலில் வெட்டுவது என்று கேட்டார்கள். வைத்தார். மறுபடி அடித்தது. எழுந்து ஜன்னலோரம் போய்க் கத்தினார். மறுபடியும் அடித்தது. திரும்பி வந்து ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு, என் மனைவிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, "எப்படிடா பண்ணே?" என்றார்.

"நான் எங்க பண்ணேன் மச்சான்? என்னைப் பண்ணிட்டாங்க."

திங்கட்கிழமை காலை புதுக் கடவுச்சொல் வந்தது. முதல் வேலையாக டீச்சர் திரைக்கு வந்தார். பின்னால் அவர் வீட்டு ஜன்னலில் மழை பெய்துகொண்டிருந்தது. என் ஜன்னலில் வெயில்.

"லீவு எப்படி இருந்துது சார்?"

"நல்லா இருந்துது. இங்க?"

"ஒண்ணு ரெண்டு தொந்தரவு. யாரோ ஒரு டாக்டர் அம்மா, சின்ன கிளினிக் வச்சிருக்கிறவங்க, கேள்வி மேல கேள்வி."

"ஒரே ஒரு கேள்விதானே டீச்சர்?" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. நிமிர்ந்தபோது முகம் மறுபடி டீச்சராகியிருந்தது.

"பெரிய டாக்டரும் கூப்பிட்டாரு. செம திட்டு. 'உங்க முதலாளிகிட்ட கேட்டா, உங்களுக்குத்தான் அவரைவிட நல்லாத் தெரியும்ங்கறாரு, அப்படியா'ன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னு சொன்னேன்."

"அந்த இன்னொரு கம்பெனிக்கு..." என்று இழுத்தேன்.

"வரலைன்னு சொல்லிட்டேன் சார். அங்க முதலாளி லீவே போட மாட்டாராம். அதப் பெருமையா வேற சொன்னாரு."

நான் ஜோக் அடிக்கிற இடம்தான் அது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

"சிக்கி நின்ன வேலை ஏதாவது உண்டா டீச்சர்? நான் இல்லாம?" கேட்கும்போது ஒன்றாவது இருக்க வேண்டுமே என்று இருந்தது.

"செவ்வாய்க்கிழமை கூட்டம் சீக்கிரமே முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறமும் யாரும் திரையை விட்டுப் போகல. கடைசியில நீங்க அடிக்கிற அறுவை ஜோக் வரும்னு பழக்கதோஷத்துல உக்காந்திருந்தாங்க."

"அத நான் எழுதி வச்சிடட்டுமா, விதிப்படி?"

"வேணாம். அது உங்ககிட்டயே இருக்கட்டும்." எழப் போனவர் நின்றார். "ஆங், அந்த டாக்டர் அம்மாவுக்கு இன்னும் முழுப் பதில் போகல. நீங்கதான் வந்துட்டீங்களே. நீங்களே எழுதிடுங்க. நான் திருத்தித் தர்றேன்."

திரை அணைந்தது. நான் எழுத உட்கார்ந்தேன்.

'அன்புள்ள டாக்டர் அம்மா, நீங்கள் கேட்ட வசதியை நீக்கியது எங்கள் டீச்சர். காரணம் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். இனி அவர் முடிவு செய்த விஷயங்களில் உங்களுக்குச் சந்தேகம் வந்தால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், தயவுசெய்து முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பெரும்பாலும் போய்விடும். நோயாளிகள் ரசித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நன்றி. யாரும் ரசிக்கவில்லை என்பதும் நம் இருவருக்கும் தெரியும்.'

டீச்சருக்கு அனுப்பினேன். கடைசி வாக்கியத்தை மட்டும் அடித்துத் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் ஒரு குறிப்பு: 'நான் ரசித்தேன்.'